பிராக்கெட் எங்கே நிற்கிறது?

கேள்வி: கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் 60 பிராக்கெட் (தாங்கி) செய்யக் கொடுத்தேன். 2 மி.மீ. இரும்புத் தகடு, கறுப்பு பவுடர் கோட்டிங். பத்து நாள் என்றார்கள், ஒரு மாதம் ஆகிவிட்டது. கேட்டால் 'நாளைக்கு' என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். நானும் பட்டறை நடத்துகிறவன், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். லேசரில் 60 துண்டு வெட்டுவது அரை நாள் வேலைகூட இல்லை. வளைப்பதும் அப்படித்தான். நாள் போவது பெரும்பாலும் கோட்டிங்கில், அதாவது நிறத்தூளைத் தெளித்து அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கிற வேலையில். எங்களைப் போன்ற பலரிடம் அதற்கான அடுப்பு கிடையாது, வெளியே ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்து கொடுப்பவர்களிடம் அனுப்புவோம். அங்கே நிறம் மாற்ற வேண்டுமென்றால் பூத் (தூள் தெளிக்கும் அறை), கன் (தெளிக்கும் கருவி), குழாய் எல்லாவற்றையும் ஊதித் துடைக்க வேண்டும். வெள்ளைச் சாமானில் கறுப்புத் தூள் துளி பட்டாலும் புள்ளி விழும். அதனால் கறுப்பு வேலை சேரும்வரை உங்கள் 60 பிராக்கெட்டும் மூலையில் கிடக்கும். மழைக்காலமாக இருந்தால் இன்னும் மோசம். ஒருமுறை என் சாமானில் மூன்றாம் நாளே கைரேகை பட்ட இடமெல்லாம் துரு பூத்துவிட்டது. மறுபடி ஆசிட்டில் கழுவித்தான் கொடுத்தேன்.

'எப்போது கிடைக்கும்' என்று கேட்டால் 'நாளைக்கு' என்றுதான் பதில் வரும். 'இப்போது சாமான் எங்கே இருக்கிறது, ஒரு போட்டோ அனுப்புங்கள்' என்று கேளுங்கள். கோட்டிங்குக்குக் காத்திருக்கிறது என்றால், கோட்டிங் கூலியைக் கழித்துக்கொண்டு வெறும் சாமானாக வாங்கி நீங்களே கோட்டிங் கொடுத்துவிடலாம். அப்புறம், அடுத்த முறை எந்த நிறமானாலும் பரவாயில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஓடுகிற நிறத்தோடு உங்கள் வேலையும் முடிந்துவிடும்.