யமன் அனுப்பிய பூச்சியா?

கேள்வி: போன வாரம் இரவு எங்கள் வாசல் விளக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. முதுகில் அச்சு அசலாக மண்டையோடு. துடைப்பத்தால் தள்ளினால் 'கீச் கீச்' என்று கத்தியது. யமன் அனுப்பியது என்று சொல்லி என் மாமியார் அடித்துக் கொன்றுவிட்டார். மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தாத்தா காலமானார். வயது 84. இது சாவுச் சகுனம்தானா? விஷப்பூச்சியா?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: 84 வயதுப் பெரியவரின் சாவுக்கு ஒரு பூச்சியின் மேல் பழி போட்டிருக்கிறீர்கள். பூச்சி வராத தெருவில் சாவு நடக்கவில்லையா, அம்மா?

நீங்கள் பார்த்தது மண்டையோட்டு அந்துப்பூச்சி. கொட்டாது, கடிக்காது, விஷமும் கிடையாது. முதுகில் இருப்பது வெறும் ரோமமும் செதிலும் சேர்ந்த ஒரு கறை. மின்கம்பத்து 'அபாயம்' பலகையில் மண்டையோட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் நமக்கு, அதனால் இங்கேயும் எமனைக் காண்கிறது. ஐரோப்பாவிலும் இதே பயம்தான். அங்கே உள்ள இனத்துக்கு, உயிர் நூலை அறுக்கும் கிரேக்கத் தேவதை அட்ரோபோஸின் பெயரையே 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்துவிட்டார். நம் பக்கம் இருக்கும் இரண்டு இனங்களும் தங்கள் பேரில் பாதாள நதியையும் இன்னொரு விதித் தேவதையையும் சுமக்கின்றன. அதில் ஒன்று, மேற்கே அரபு நாடுகளிலிருந்து இந்தியா, இலங்கை வழியாக சீனா, ஜப்பான் வரை பரவி வாழ்கிறது. அத்தனை நாட்டுக்கும் சேதி கொண்டுபோக யமனுக்கு ஏது நேரம்?

விளக்கு வெளிச்சத்தில் பார்த்தீர்களே, முன்னிறகு எப்படி இருந்தது? காய்ந்த மரப்பட்டை மாதிரி. அதைக் கொஞ்சம் விரித்தால் உள்ளே மஞ்சள் பின்னிறகு, மஞ்சள் வயிற்றில் கறுப்புப் பட்டைகள். ஒருமுறை இதைக் கையில் எடுத்திருக்கிறேன். சுண்டெலிக் குஞ்சு போலக் கத்தியது. அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. வாய்க்குள் காற்றை இழுத்து வெளியே விட்டு எழுப்பும் சத்தம் அது. பயந்துபோய்க் கத்துவதை, நம்மைப் பயமுறுத்தக் கத்துவதாக எடுத்துக்கொள்கிறோம்.

இதன் துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இரவில் தேன்கூட்டுக்குள் நுழைந்து, குட்டையான தடித்த உறிஞ்சுகுழலால் மெழுகு அறையைக் குத்தித் தேன் குடிக்கும். தேனீ வளர்ப்பவர்கள் இதைத் திருடன் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

விருத்தாசலத்தில் இது வந்ததில் ஆச்சரியமே இல்லை. எள் விளையும் பூமி அது. தாய்ப்பூச்சி இலையில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு எள், அவரை, கத்தரி, மல்லிகை இலைகளைத் தின்று விரல் பருமனுக்கு வளர்கிறது. பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள், வாலில் வளைந்த கொம்பு. சீண்டினால் தாடையை 'டக் டக்' என்று தட்டும். கொம்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது குத்தாது. வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கி, ஓர் அறை குடைந்து கூட்டுப்புழுவாகக் கிடக்கும். கோடையில் ஆழ உழுதால் அவை மேலே வந்துவிடும், பறவைகள் கொத்திவிடும். எள்ளைக் காப்பாற்ற அதுவும், கையால் புழுவைப் பொறுக்குவதும் போதும். அடுத்த தடவை வாசலில் வந்தால் விளக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள் உங்கள் மாமியாரிடம். தானே போய்விடும்.

அப்புறம், உங்கள் வீட்டு மல்லிகைச் செடியில் இலை திடீரென மொட்டையாகி, அடியில் மிளகை விடப் பெரிய கறுப்பு உருண்டைகளாகப் புழுவின் எச்சம் கிடந்தால், அந்தக் கிளையைத் தூக்கிப் பாருங்கள். இலையோடு இலையாகப் பச்சையாக அந்தப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும்.