லாக்ரொட்டேட்டை நிறுவியாயிற்று, லாக் ஏன் இன்னும் வளர்கிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் உபுண்டு சர்வரில், எஸ்ஆர்வி அடைவுக்குள் இயங்கும் செயலி ஒன்றின் லாக் கோப்பு (நிகழ்வுகளைப் பதியும் கோப்பு) வட்டையே நிரப்பிவிடுகிறது. லாக்குகளை அவ்வப்போது பெயர் மாற்றி ஒதுக்கிவைத்து, மிகப் பழையவற்றை அழிக்கும் (இதைத்தான் சுழற்றுவது என்கிறார்கள்) லாக்ரொட்டேட் என்ற நிரலின் புதிய பதிப்பு வேண்டும் என்பதால், அதன் மூலநிரலை இறக்கி நிறுவ முயன்றேன். லிப்பாப்ட் என்ற நூலகம் இல்லை என்று, தொகுப்பதற்கு முன் தேவைகளைச் சரிபார்க்கும் கான்ஃபிகர் கட்டளை நின்றுவிட்டது. ஆனால் அந்த நூலகம் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது. வேறொருவர் உதவியால் நிறுவி முடித்த பிறகும், மறுநாள் காலை எந்தக் கோப்பும் மாறியிருக்கவில்லை. எங்கே கோளாறு? — கணினி நிர்வாகி, ஈரோடு.

பதில்: உங்கள் சர்வரில் இருப்பது, நிரல் ஓடும்போது தேவைப்படும் நூலகம் மட்டுமே. மூலநிரலைத் தொகுக்கும்போது சி மொழியின் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். அவை லிப்பாப்ட்-டெவ் என்ற தனிப் பொதியில் இருக்கின்றன. ரெட் ஹாட் குடும்பத்தில் அதன் பெயர் பாப்ட்-டெவல். இதோடு தொகுப்புக் கருவிகளான ஜிசிசியும் மேக்கும் வேண்டும். கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்திருந்தால், கான்ஃபிகர் கோப்பை உருவாக்க ஆட்டோகான்ஃபும் ஆட்டோமேக்கும் கூடுதலாகத் தேவைப்படும். வெளியீட்டுத் தொகுப்பை எடுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால், மூலநிரலிலிருந்து நிறுவ வேண்டிய அவசியம் உங்களுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. லாக்ரொட்டேட் உபுண்டு சர்வரில் பெரும்பாலும் முன்பே நிறுவப்பட்டிருக்கும். இல்லாவிட்டாலும் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லாக்ரொட்டேட்’ என்ற ஒரு வரி போதும். சார்பு நூலகங்கள் அனைத்தையும் உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் தானே கொண்டுவந்துவிடும். இப்போது உங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கக்கூடும். பொதி வழியாக வந்தது யூஎஸ்ஆர் அடைவின் எஸ்பினிலும், நீங்கள் தொகுத்தது யூஎஸ்ஆர் லோக்கலின் எஸ்பினிலும் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கட்டளை தட்டும்போது ஓடுவது லோக்கல் பிரதி. அன்றாடம் சிஸ்டம்டி டைமர் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் ஏற்பாடு) ஓட்டுவதோ பழைய பிரதி. கடைசியாக எந்தக் கோப்பை எப்போது சுழற்றினோம் என்பதை இரண்டும் வெவ்வேறு நிலைக் கோப்புகளில் குறித்துக்கொள்வதால், ஒன்று செய்தது மற்றொன்றுக்குத் தெரியாது. மேக் இன்ஸ்டால் கட்டளை டைமரை அமைத்துத் தராது என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கான மாதிரிக் கோப்புகள் மூலநிரலின் எடுத்துக்காட்டு அடைவிலேயே தங்கிவிடும். ஆகவே லோக்கல் பிரதியை நீக்கிவிட்டு, பொதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் எதுவும் மாறாததற்குக் கோளாறுதான் காரணம் என்று சொல்ல முடியாது. தினசரி, வாராந்திரம் என்று காலத்தை வைத்துச் சுழற்றும் அமைப்பில், ஒரு லாக்கை முதன்முறை பார்க்கும்போது லாக்ரொட்டேட் அதைத் தொடாது; பார்த்த தேதியை நிலைக் கோப்பில் எழுதிக்கொண்டு, அடுத்த முறையிலிருந்துதான் கணக்கைத் தொடங்கும். உடனே சோதிக்க விரும்பினால் முதலில் சிறிய டி தெரிவுடன் ஓட்டிப் பாருங்கள். என்ன செய்யப்போகிறது என்பதை அது திரையில் சொல்லுமே தவிர, லாக்குகளையும் நிலைக் கோப்பையும் மாற்றாது. அதில் திருப்தி ஏற்பட்ட பிறகு எஃப் தெரிவுடன் கட்டாயமாகச் சுழற்றலாம். பெயரில் தேதி சேர்க்கும் டேட்எக்ஸ்ட் வைத்திருந்தால், ஒரே நாளில் இரண்டாம் முறை அதே பெயரில் கோப்பு இருப்பதாகச் சொல்லித் தவிர்த்துவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது அனுமதிகளைத்தான். செயலியின் லாக் அடைவில் ரூட் (கணினியின் தலைமைப் பயனர்) அல்லாத குழுவுக்கு எழுதும் உரிமை இருந்தால், பாதுகாப்பற்ற அனுமதி என்று அறிவித்துவிட்டு லாக்ரொட்டேட் அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும். அமைப்புக் கோப்பில் எஸ்யூ என்று எழுதி, அந்த அடைவின் பயனரையும் குழுவையும் குறிப்பிட்டால் சரியாகும். அமைப்புக் கோப்பும் ரூட்டுக்கு உரியதாக, மற்றவர் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இல்லையேல் அதைப் படிக்காமலேயே புறக்கணிக்கும்.

பெயர் மாறிய கோப்பிலேயே செயலி தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும் என்பது இன்னொரு சிக்கல். என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வர் போன்றவை யூஎஸ்ஆர்1 சமிக்ஞை கிடைத்ததும் லாக்கைப் புதிதாகத் திறந்துகொள்ளும்; அந்தச் சமிக்ஞையை அனுப்பும் கட்டளையை, சுழற்றிய பின் ஓட வேண்டியவற்றுக்கான போஸ்ட்ரொட்டேட் பகுதியில் எழுதலாம். உங்கள் செயலிக்கு அப்படி ஒரு வழி இல்லையென்றால், கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலிசெய்யும் காப்பிட்ரங்கேட் உண்டு. ஆனால் நகலெடுப்பதற்கும் மூலக் கோப்பைக் காலிசெய்வதற்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்படும் வரிகள் தொலையக்கூடும் என்பதால், கணக்கு வழக்கு, தணிக்கை லாக்குகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். ரொட்டேட் 180 என்று எழுதினால் போதுமா? பழைய லாக்குகளைச் சுருக்க ஜிஜிப்புக்குப் பதிலாக இசட்ஸ்டாண்டர்டைப் பயன்படுத்தலாமா? — வாசகி, மதுரை.

பதில்: 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவில்தான் அந்த 180 நாள் வருகிறது. ஆனால் ரொட்டேட் என்பது எத்தனை பழைய கோப்புகள் என்ற எண்ணிக்கையே தவிர, எத்தனை நாள் என்பதல்ல. தினசரி சுழற்சியோடு 180 என்று எழுதினால் ஏறக்குறைய சரியாக வரும். சற்றுக் கூட்டி 190 வைத்துக்கொள்வது நல்லது. கோப்பின் அளவை வைத்துச் சுழற்றும் சைஸ் விதியை வைத்தாலோ, பரபரப்பான வாரத்தில் ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பை உருவாக்கலாம். டைமரை மணிக்கொருமுறை ஓடும்படி மாற்றியவர்களுக்கு 180 கோப்பும் எட்டே நாளில் தீர்ந்துவிடக்கூடும். உபுண்டுவின் என்ஜின்எக்ஸ் பொதியோடு வரும் அமைப்பில் 14 என்றே இருக்கும், அதையும் திருத்துங்கள்.

இசட்ஸ்டாண்டர்டு தாராளமாகப் பயன்படுத்தலாம், வேகமானதும்கூட. ஆனால் லாக்ரொட்டேட் அதைத் தன் சார்பாக இழுத்துவராது. இசட்எஸ்டிடி பொதியை நீங்களே நிறுவி, கம்ப்ரஸ்கமாண்ட், அன்கம்ப்ரஸ்கமாண்ட், கம்ப்ரஸ்எக்ஸ்ட் ஆகிய மூன்றையும் குறிப்பிட வேண்டும். மாற்றிய நாளுக்கு முன் உருவான ஜிஜிப் கோப்புகளைப் புதிய அமைப்பு கணக்கில் எடுக்காது. கெடு முடிந்ததும் அவற்றை நீங்களே கையால் அழிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இணைய இணைப்பே இல்லாத சர்வரில் லாக்ரொட்டேட் போன்ற பொதிகளை எப்படி நிறுவுவது? — வாசகர், திருச்சி.

பதில்: அதே உபுண்டு வெளியீடும் அதே வகை நுண்செயலியும் (சிபியு) கொண்ட, இணைய வசதியுள்ள இன்னொரு கணினியில், ஆப்ட்-கெட் இன்ஸ்டாலை டவுன்லோட்-ஒன்லி தெரிவுடன் ஓட்டுங்கள். பொதிகள் வார் அடைவின் கேஷ் பகுதியில், ஆப்ட்டின் ஆர்க்கைவ்ஸ் அடைவில் வந்து சேரும். பென்டிரைவில் எடுத்துச் சென்று, பொதிக் கோப்பை நேரடியாக நிறுவும் டிபிகேஜி கட்டளை கொண்டு நிறுவலாம். அந்தக் கணினியில் ஏற்கெனவே உள்ள சார்புகளை ஆப்ட் மீண்டும் இறக்காது என்பதால், கூடுதலாக எதுவும் நிறுவப்படாத புதிய கணினியில் இதைச் செய்வதே பாதுகாப்பு.