தட்டு கழுவப் போவது யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. துணைக்கு நானும் கணவரும் இரண்டு வாரம் கோவை போக வேண்டும். கல்லூரியில் படிக்கும் 18 வயது மகளும் பத்தாவது படிக்கும் மகனும் வீட்டில் தனியாக இருப்பார்கள். 'டோன்ட் டெல் மாம் த பேபிசிட்டர்ஸ் டெட்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டி, "இவங்க சமாளிக்கலையா?" என்கிறார்கள். மகள் கெட்டிக்காரி, அவள் பார்த்துக்கொள்வாள். மகனோ குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டான். நம்பி விட்டுப் போகலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போகலாம். "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

அந்தப் படம் 1991இல் வந்தது. 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். நான் பேசுவது பழையதைப் பற்றி. அம்மா கோடை விடுமுறைக்கு ஆஸ்திரேலியா கிளம்பிவிடுகிறார். ஐந்து பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வந்த பாட்டியம்மா வந்த வேகத்திலேயே செத்துப்போகிறார். வீட்டுச் செலவுக்கான பணமும் அவரோடு போய்விடுகிறது. 17 வயது மூத்தவள் சூ எலன், பொய்யான பயோடேட்டா கொடுத்துச் சீருடை தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்துவிடுகிறாள். சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று ஆபீஸில் சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தில் (பெட்டி கேஷ்) எடுத்துத்தான் வீடு ஓடுகிறது. அந்தப் பணத்திலும் தம்பி தங்கைகள் கைவைக்கிறார்கள். இதுதான் உங்கள் பிள்ளைகள் சொல்லும் 'சமாளிப்பு'!

உங்கள் மகனை நினைத்துப் படத்தில் கென்னியைக் கவனியுங்கள். சூ எலனுக்கு அடுத்தவன், தலைமுடியை வளர்த்துக்கொண்டு சோபாவே கதியென்று கிடப்பவன். பாத்திரம் கழுவச் சொன்னால், நண்பர்களோடு கூரைமேல் ஏறி, தட்டுகளை ஒவ்வொன்றாக வீசித் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளிவிட்டு, "பாத்திர வேலை முடிஞ்சது" என்கிறான். நான் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. அவனே பிற்பாடு சமையலைக் கையில் எடுக்கிறான். அக்கா லேட்டாக வந்தால், ஆறிப்போன சாப்பாட்டுக்காகக் கோபித்துக்கொள்கிறான். அக்காவின் திட்டு அவனிடம் எடுபடவே இல்லை. அடுப்படி அவன் பொறுப்பில் வந்த பிறகுதான் ஆள் மாறுகிறான்.

அதனால், கிளம்புவதற்கு முந்தைய வாரமே சமையலறையை மகனிடம் விட்டுவிடுங்கள். ரசமும் முட்டைப் பொரியலும் தெரிந்தால் போதும், இரண்டு வாரம் ஓடிவிடும். காய்கறிக் காசையும் அவனிடமே கொடுங்கள். உப்பு கூடினாலும் நீங்கள் உள்ளே போய்க் கரண்டியைப் பிடுங்காதீர்கள். (பிடுங்குவீர்கள், எனக்குத் தெரியும்.) துணி, கரண்ட் பில், வாசல் கதவு மகள் பொறுப்பு. பாத்திரம் ஆளுக்கு ஒருநாள்.

அப்புறம், போன் விஷயம். கோவையிலிருந்து மகளைக் கூப்பிட்டு "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்காதீர்கள். ஒரே கேள்வியில் அவளை அம்மாவாக்கி, அவனைக் குழந்தையாக்கிவிடுவீர்கள். அவனைக் கூப்பிட்டு, "அக்காவுக்கு இன்னைக்கு என்ன செஞ்சு வச்ச?" என்று கேளுங்கள். முதல் இரண்டு நாள் முனகுவான், முனகட்டும்.

கேஸ் சிலிண்டர் மாற்ற இருவருக்கும் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.