ஆயா வீட்டில் வளரும் பிள்ளை

வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது. இரண்டு பேரும் வேலைக்குப் போவதால் பகலில் காசிமேட்டில் என் அம்மாவிடம் விடுகிறோம். ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் போனபோது பென்குவின், ஸ்ட்ராபெரி என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள், பாதிக்கு மேல் பதிலே சொல்லவில்லை. வீட்டில் மீன் பெயரெல்லாம் கடகடவென்று சொல்வான். "வொக்காபுலரி கம்மி, இங்கிலீஷில் பேசுங்கள், அந்த ஏரியா பேச்சு ஒட்டிக்கொள்ளும்" என்கிறார்கள். அம்மா வீட்டை நிறுத்திவிட்டு டேகேரில் விடலாமா?
ர.

அன்புள்ள ர.,

நிறுத்தாதீர்கள். பென்குவினைத் தெரியாத பிள்ளைக்கு வஞ்சிரம், சங்கரா, கானாங்கத்தை எல்லாம் தெரிகிறது என்றால் அவனுக்குச் சொல் கம்மி இல்லை, அவர்கள் கேட்ட சொல் அவன் புழங்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயத்துக்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்து 1995-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளை ஏழை வீட்டுப் பிள்ளையைவிட 3 கோடி சொற்கள் அதிகமாகக் கேட்டுவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதில் ஏழை வீடு என்று எடுத்துக்கொண்டவை அரசு உதவியில் வாழ்ந்த வெறும் 6 குடும்பங்கள். பிற்பாடு வேறு சிலர், பாட்டி, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையும் சேர்த்து எண்ணியபோது சில ஏழைக் குடியிருப்புகளில் அந்தப் பள்ளம் காணாமல் போனது. காதில் விழுவதெல்லாம் கற்றதாகிவிடுமா என்று அதற்கும் மறுப்பு வந்தது. மறுப்பு நியாயமானதுதான். 2018-இல் வந்த ஓர் ஆய்வு, எத்தனை சொல் காதில் விழுந்தது என்பதைவிட எத்தனை முறை பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசினார்கள் என்பதோடுதான் மூளையின் மொழிப்பகுதி வேலை செய்வதற்குக் கூடுதல் தொடர்பு என்று காட்டியது.

அந்த மாறி மாறிப் பேசுவது உங்கள் அம்மா வீட்டில் நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மீன் ஆயும்போது பையன் பக்கத்தில் குந்தி "இது இன்னா ஆயா?" என்பான். "கடம்பாடா, மை கீது, தொடாத." "ஏன் மை?" "பெரிய மீனு தொரத்துனா ஊத்திட்டு ஓடிடும்." இரண்டு கேள்விக்குள் கடம்பா (கணவாய்) என்று ஒரு உயிரும், அது செய்யும் வேலையும், அதற்கான காரணமும் வந்துவிட்டன, எல்லாம் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில். எந்தப் பட அட்டையும் இதைத் தராது. "ஏரியா பேச்சு" என்று முகம் சுளிப்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. ஆயா பேசுவது தப்பு என்று மூன்று வயதில் கற்றுக்கொண்டால் பிள்ளை வாயைத் திறப்பதையே குறைத்துக்கொள்ளும்.

அம்மா களைப்பில் போனைக் கையில் கொடுத்து உட்காரவைப்பது வழக்கமாகியிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். போன் அவனுக்குப் பதில் சொல்லாது.

பள்ளிச் சொற்களும் வேண்டும்தான். இரவில் படக்கதைப் புத்தகம் ஒன்றைத் தமிழிலேயே படியுங்கள், நடுவில் அவன் குறுக்கிட்டால் கதையை நிறுத்திவிட்டு அவனோடு பேசுங்கள். நீங்கள் திக்கித் திணறிப் பேசும் இங்கிலீஷைவிட அது நல்லது. அப்புறம், இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாமலோ, கூப்பிட்டால் திரும்பாமலோ இருந்தால் தள்ளிப்போடாமல் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.