கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறாள்

மதிப்பிற்குரிய அம்மா,

இப்படி ஒரு விஷயத்துக்கு ஆலோசனை கேட்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு 52 வயது. பல வருடங்கள் படுக்கையில் இருந்த என் அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன். போன வருடம் அம்மா போய்விட்டார். மகனும் வேலைக்காக வெளியூரில் இருக்கிறான். நானும் கணவரும் மட்டும்தான் வீட்டில். அப்போதுதான் விலங்குகள் காப்பகம் ஒன்றில் 12 வயதுப் பெண்பூனை இருப்பதாகத் தெரிந்தது. குட்டியிலிருந்து அதை வளர்த்த வயதான அம்மையார் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்ததாம். அங்கே பூனையை வைத்துக்கொள்ள முடியாது. வருகிறவர்கள் எல்லோரும் குட்டிகளையே கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை என்று காப்பகத்தில் சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பொன்னியைக் கூட்டி வந்துவிட்டோம்.

ஒரு மாதம் ஆகப்போகிறது. பகல் முழுவதும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறாள். நாங்கள் தூங்கிய பிறகு வெளியே வந்து சாப்பிடுகிறாள். நடுராத்திரியில் ஹாலில் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்துகிறாள். மலஜலம் கழிக்க மண் நிரப்பி வைத்திருக்கும் லிட்டர் பாக்ஸைத்தான் பயன்படுத்துகிறாள், ஆனால் இரண்டு முறை வாசல் மிதியடியில் சிறுநீர் கழித்துவிட்டாள். ஒருநாள் என் கணவர் கட்டிலை நகர்த்தி அவளைத் தூக்கப் பார்த்தார். சீறிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். அன்று இரவு வரை சாப்பிடவே இல்லை.

“வயதான பூனை புது இடத்தில் பழகாது, திருப்பிக் கொடுத்துவிடு” என்று என் நாத்தனார் சொல்கிறார். திருப்பிக் கொடுப்பதை நினைத்தாலே அழுகை வருகிறது. கட்டிலுக்கு அடியில் அவள் கண்களைப் பார்த்தாலும் அழுகை வருகிறது. நான் இவ்வளவு அன்பு காட்டியும் அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழிக்கு,

தாராளமாகக் கேட்கலாம். பொன்னிக்கு உங்கள் மேல் எந்த வெறுப்பும் இல்லை. அவளைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். வயதான பூனை பழகாது என்பது சரியல்ல. பழகும், ஆனால் நிதானமாகப் பழகும். மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும் பூனைகள் உண்டு, அதற்கு மேலும் ஆகிற பூனைகள் உண்டு. ஒரு மாதம் முடிவதற்குள் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அவள் பக்கம் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பூனை தன் வீட்டை மூக்கால்தான் அறிகிறது. அதன் கன்னத்திலும் நெற்றியிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. நாற்காலிக் கால், கதவு ஓரம் என்று தினமும் உரசி உரசித் தன் மணத்தைப் பூசி வைக்கும். அந்த மணம் இருக்கும் இடம்தான் அதற்குப் பத்திரமான இடம். பொன்னி 12 வருடம் பூசி வைத்த வீடு ஒரே நாளில் இல்லாமல் போனது. வளர்த்தவரும் கூட இல்லை. நடுவில் காப்பகம், அங்கே வேறு விலங்குகளின் சத்தமும் வாடையும். பிறகு உங்கள் வீடு. இங்கே அவள் மணம் எதிலும் இல்லை, கட்டிலுக்கு அடியில் தவிர.

அதனால் ஒளிந்திருப்பதை நோயாகவோ கோபமாகவோ பார்க்காதீர்கள். பூனை தன்னைத் தேற்றிக்கொள்கிற வழி அது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் சீக்கிரம் அமைதியானதாக 2014-இல் வெளியிட்டார்கள். ஆக, மறைவிடத்தை அடைக்கக் கூடாது. இன்னும் நல்லதாக ஒன்று கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வழி வெட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே அவள் ஏற்கெனவே படுத்த துணி, அவ்வளவு போதும். அந்தத் துணியைத் துவைத்துவிடாதீர்கள். இப்போதைக்கு அந்த ஒரே அறை அவளுடைய உலகமாக இருக்கட்டும். சாப்பாடு, தண்ணீர், லிட்டர் பாக்ஸ் மூன்றும் அங்கேயே இருக்கட்டும், ஆனால் லிட்டர் பாக்ஸ் சாப்பாட்டுக்குத் தள்ளி இருக்க வேண்டும். அறைக் கதவு திறந்தே இருக்கலாம். வெளியே வருவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்வாள்.

இராத்திரிக் கத்தலும் மிதியடி விஷயமும் வேறு. இவற்றை மனசுக் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது. ஏக்கத்தாலும் பூனை கத்தும், உண்மைதான். ஆனால் 12 வயதில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, காது மந்தமாவது எல்லாமே சாதாரணமாக வருபவை. இவற்றில் பலவும் பூனையை இரவில் கத்த வைக்கும். மூட்டுவலியை நாம் கவனிக்கவே மாட்டோம், ஏனென்றால் பூனை நொண்டிக் காட்டாது. 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. வலிக்கிற கால்களோடு உயரமான விளிம்பைத் தாண்டி லிட்டர் பாக்ஸுக்குள் இறங்குவதைவிட மெத்தென்ற மிதியடி அவளுக்குச் சுலபம். பழிவாங்குவதற்காக எந்தப் பூனையும் சிறுநீர் கழிப்பதில்லை. எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் விளிம்பு தாழ்வாக உள்ள லிட்டர் பாக்ஸ் வாங்குங்கள். முடிந்தால் ஹாலிலும் ஒன்று வையுங்கள்.

இரவில் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய ஆறுதல். எந்த நாளிலாவது 24 மணி நேரம் முழுதாக எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். உணவை மாற்ற நினைத்தால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள்.

அப்புறம், அவளிடம் நெருங்குவது. நீங்கள் அவளிடம் போக வேண்டாம், அவள் வரும்படி இருங்கள். தினமும் ஒரே நேரத்தில் அந்த அறையில் தரையில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். அவளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வெறித்த பார்வை பூனைக்கு மிரட்டல். தற்செயலாகக் கண்ணோடு கண் பட்டால் மெதுவாக இமையை மூடித் திறந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020-இல் எழுதினார்கள். அறிமுகமே இல்லாதவர் இப்படி இமைத்த பிறகு கையை நீட்டினாலும் பூனைகள் கூடுதலாகக் கிட்டே வந்தன. ஒருநாள் பொன்னியும் வருவாள். அப்போது ஒரு விரலை அவள் மூக்கு மட்டத்தில் நீட்டுங்கள். கன்னத்தால் உரசினால் கன்னத்தில் மட்டும் சில விநாடி தடவிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டும் என்றால் அவளே தலையைக் கொடுப்பாள். தூக்குவது இப்போது வேண்டாம். உங்கள் கணவர் நல்ல மனதோடுதான் தூக்கப் போனார். அவள் சீறியது ‘அங்கேயே நில்’ என்று சொன்னதுதான், பகை இல்லை. அவரையே தினமும் ஒரு வேளை சாப்பாடு வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று எனக்குத் தோன்றுகிறது. அவளை வளர்த்த அம்மையார் உயிரோடுதானே இருக்கிறார்? காப்பகம் வழியாக அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த நேரத்தில் சாப்பாடு வைப்பார், எப்படிக் கூப்பிடுவார், எங்கே தூங்க விடுவார் என்று தெரிந்தால் அந்தப் பழக்கங்களில் சிலவற்றை இங்கேயும் தொடரலாம். அவர் உடுத்திய பழைய துணி ஒன்று கிடைத்தால் பெட்டிக்குள் வையுங்கள். பொன்னி நன்றாக இருக்கிறாள் என்ற செய்தி அந்த அம்மையாருக்கும் வேண்டியிருக்கும்.

இனி உங்கள் அழுகை. பல வருடம் ஒருவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். அம்மா போனதும் அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. கவனிக்க ஒரு ஜீவன் வேண்டும் என்று மனம் தேடியதில் எந்தத் தப்பும் இல்லை, யாரும் கேட்காத ஒரு பூனையைத் தேர்ந்தெடுத்த மனம் அது. ஆனால் அந்த ஜீவன் உங்கள் கையை வாங்கிக்கொள்ளவில்லை. அம்மாவை இழந்த வலி அந்த இடத்தில்தான் திரும்பவும் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். கட்டிலுக்கு அடியில் பார்க்கும்போது வருகிற கண்ணீரில் பாதி அம்மாவுக்கானது. அந்தப் பாதியைப் பொன்னியால் தீர்க்க முடியாது, அதை அவளிடம் கேட்கவும் கூடாது. அவளும் ஒருவரை விட்டுவிட்டு வந்தவள்தான்.

அம்மாவைப் பற்றிக் கணவரிடம் பேசுங்கள், மகனிடம் பேசுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, “பூனைக்காக அழவில்லை, அம்மாவுக்காக அழுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். ஒரு வருடம் ஆகிவிட்டதே, இன்னுமா என்று உங்களை நீங்களே விரட்டாதீர்கள்.

நாத்தனாரிடம் மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் காட்டுவதை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.