மீதி ஆறு மாத்திரைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊர் என்னுடையது. பெயர் போட வேண்டாம். வயது 25. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா பாசி எடுக்கப் போவார். பி.எஸ்சி முடித்துவிட்டு மூன்றாவது முறையாக குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடத்தில் மனசு எங்கேயோ போய்விடுகிறது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மூன்றாம் வகுப்பில் "எங்க பார்த்துட்டு இருக்க" என்று கேட்டு அடிக்காத டீச்சர் இல்லை.

சென்னை விடுதியில் இருக்கும் என் தோழி ஏடிஹெச்டி என்ற கவனக்குறைபாட்டுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறாள். என் நிலைமையைப் பார்த்து பத்து மாத்திரை கொடுத்தாள். நான்கு நாள் சாப்பிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் படிக்க ஆசை வந்தது. ஒரே இருப்பில் ஏழு மணி நேரம் அரசியலமைப்பு படித்தேன். பசி இல்லை. ராத்திரி இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை, நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. வாரக் கடைசி மாதிரித் தேர்வில் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லைதான். ஆனால் அந்த ஆசை எனக்குப் பெரிய விஷயம்.

மீதி ஆறு மாத்திரை பையில் இருக்கிறது. சாப்பிடலாமா? இது ஏமாற்று வேலையா? டாக்டரிடம் போக பயமாக இருக்கிறது. மனநல டாக்டர் என்று சொன்னாலே வீட்டில் ஏர்வாடி என்றுதான் நினைப்பார்கள். அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்னால் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவரை இன்னும் கவலைப்படவைக்க மனசில்லை. அவர் தொழிலுக்குப் போகும் நாட்களில் மூன்று மணிக்கே எழுந்து சோறு கட்டிக் கொடுப்பது நான்தான்.

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மீதி ஆறையும் சாப்பிடாதே. ஆனால் தூக்கியும் எறியாதே, அந்த அட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்புறம் சொல்கிறேன்.

இந்த மருந்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மண்டபத்தில் இருக்கும் என் தம்பி மகனுக்கு ஒன்பது வயதில் மதுரையில் பரிசோதித்து ஏடிஹெச்டி என்று சொன்னார்கள். இதே மருந்துதான். சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் அவன் ஒருநாள் என்னிடம் வந்து பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சண்டையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னான். அதற்கு முன் அவன் எந்தக் கதையையும் முடித்ததில்லை. நடுவில் எழுந்து ஓடிவிடுவான். என் தம்பி மனைவி அடுப்படியில் நின்று அதைக் கேட்டு அழுதுவிட்டாள். மாதாமாதம் அவன் எடையைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைக்கிறாள், பசி குறையும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால். தேவைப்படுகிறவருக்கு இந்த மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வகை மருந்து முதலில் சிறுவர்களுக்குப் பலன் தந்ததே ஒரு தற்செயல்தான். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், ஒரு பரிசோதனைக்குப் பிறகு தலைவலியால் அவதிப்பட்ட பிள்ளைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலிக்குப் பெரிதாகப் பலன் இல்லை. ஆனால் அவர்களில் பலர் பாடத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்களாம். மாத்திரையை நிறுத்தியதும் அந்த மாற்றமும் போய்விட்டது. நீ சாப்பிட்டது அதன் பிறகு வந்தது. 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா மருந்து கம்பெனியில் லியாண்ட்ரோ பனிட்சோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அவர் மனைவி டென்னிஸ் ஆடப் போகும் முன் அதைச் சாப்பிடுவாராம். மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்துதான் இந்த மருந்துக்குக் கடையில் ரிட்டாலின் என்ற பெயர் வந்தது. ஆக, ஆரம்பத்திலிருந்தே இது நோயாளியின் கையிலும் இருந்தது, இன்னும் கொஞ்சம் நன்றாக ஆட ஆசைப்பட்டவரின் கையிலும் இருந்தது.

நீ இந்த இரண்டில் எந்தப் பக்கம்? அதுதான் கேள்வி. "எனக்கு மாத்திரை வேலை செய்தது, அதனால் எனக்கு இந்தக் குறை இருக்கிறது" என்று நீ எழுதவில்லை. ஆனால் உன் கடிதம் முழுக்க அந்த நினைப்பு ஓடுகிறது. அது தப்பான கணக்கு. 1978இல் ஜூடித் ராப்போபோர்ட் என்ற மனநல மருத்துவரும் உடன் இருந்தவர்களும் எந்தக் குறையும் இல்லாத 14 சிறுவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் ஆட்டம் குறைந்து கவனமாக உட்கார்ந்தார்கள். மூளையில் டோபமைன், நாரட்ரினலின் என்ற இரண்டு இரசாயனங்களும் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் இது தடுக்கிறது. அதனால் கையில் இருக்கும் வேலை செய்யத் தகுந்ததாகத் தோன்றுகிறது. யாருக்கும் தோன்றும். உனக்கு வந்த ஆசை நிஜம்தான். ஆனால் அதை வைத்து உனக்கு என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்த மாதிரித் தேர்வுக்கு வருகிறேன். ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு உன் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. 2023இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 40 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். எல்லோரும் இந்தக் குறை இல்லாதவர்கள். ஒரு பை இவ்வளவு எடைதான் தாங்கும், முன்னால் கிடக்கும் பொருள்களில் எதையெதை எடுத்து வைத்தால் மொத்த மதிப்பு அதிகமாகும் என்பது கணக்கு. மெத்தில்ஃபெனிடேட், மொடாஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் என்ற மூன்று ஊக்க மருந்துகள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று ஒவ்வொரு முறையும் ஒன்று கொடுத்தார்கள். மருந்து உள்ளே போனபோது அதிக நேரம் உட்கார்ந்தார்கள், அதிகமாக எடுத்து எடுத்து மாற்றி வைத்தார்கள். ஆனால் எதை எடுப்பது என்ற தேர்வின் தரம் குறைந்துவிட்டது. பென்சில்வேனியாவில் 2013இல் 46 பேரிடம் ஆம்ஃபெட்டமின் கொடுத்துச் செய்த இன்னொரு ஆய்வில், தேர்வுகளில் வித்தியாசம் அனேகமாக இல்லை. ஆனால் மருந்து சாப்பிட்ட அன்று நன்றாகச் செய்தோம் என்று அவர்களே நம்பினார்கள்.

சின்ன வயதில் தேவிபட்டினம் கரையில் கரைவலை இழுப்பதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். நீயும் பார்த்திருப்பாய். இரண்டு பக்கமும் ஆட்கள் அம்பா பாடிக்கொண்டு இழுப்பார்கள். ஒரு பக்கம் இளவட்டங்கள் சேர்ந்து வேகமாக இழுத்துவிட்டால் பெரியவர் கத்துவார். வலை வாய் கோணிக்கொள்ளும், மீன் அந்தப் பக்கமாக வெளியே போய்விடும். அன்றைக்கு எல்லோரும் நன்றாக வேர்த்திருப்பார்கள், பாடு, அதாவது கிடைத்த மீன், இருக்காது. நீ ஏழு மணி நேரம் இழுத்திருக்கிறாய், தங்கை. பாடு எவ்வளவு என்று அந்த மதிப்பெண்தான் சொல்கிறது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடம் முன்பு ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் கெடு நெருங்கியபோது, சீட்டில்லாமல் ஒரு மருந்துக்கடையில் மொடாஃபினில் வாங்கினேன். கேட்டதும் கொடுத்தார்கள், கொடுத்திருக்கக் கூடாது. ஒன்பது நாள் சாப்பிட்டேன். அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோர்வே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ஒரே பக்கத்தின் அடிக்குறிப்புகளை மாற்றி மாற்றி எழுதினேன். அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டதற்கு, அதுவரை அவரிடம் பேசாத பேச்சைப் பேசினேன். நிறுத்திய பிறகு மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்த 60 பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து செய்தேன். இதில் எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று. அந்த ஒன்பது நாளை நினைத்தால் இன்றும் மனசுக்கு இனிப்பாக இருக்கிறது. பக்கங்கள் வீணாய்ப்போனது எனக்குத் தெரியும், ஆனாலும் இனிக்கிறது. உனக்கு நான்கே நாளில் வந்திருக்கும் ஏக்கம் அதேதான் என்று உன் எழுத்தில் தெரிகிறது.

ஏமாற்று வேலையா என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அதைப் போட்டு மனசை அரிக்கவிடாதே. ஆனால் சட்டம் வேறு. மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணை. டாக்டர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். உன் தோழி பாசத்தில் கொடுத்தாள். அந்தப் பாசம் உங்கள் இருவர் மேலும் வழக்காக முடியலாம். அரசு வேலைக்குப் படிக்கிறாய், வேலை கிடைத்தால் போலீஸ் விசாரணை வரும் என்று உனக்கே தெரியும்.

இதைவிட எனக்குக் கவலை உன் அப்பாவின் ஸ்டென்ட். இந்த மருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டு, பிரஷர் பார்த்து, தேவைப்பட்டால் ஈசிஜி எடுத்துவிட்டுத்தான் டாக்டர் இதை எழுதுவார். தோழிக்கு இந்தக் கேள்வி தெரியாது. நெஞ்சு படபடத்தது என்று எழுதியிருக்கிறாய். மறுபடி வந்தால், மாத்திரை சாப்பிடாத நாளாக இருந்தாலும் சரி, உடனே போய்க் காட்டு.

இனி ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6 அன்று காலை நான் கீழக்கரை பஸ்ஸில் இருந்தேன். பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஏர்வாடியில் ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள், தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். நம் மாவட்டத்தில் அதற்கு முன்பும் பிள்ளைகளைப் பயமுறுத்த அந்த ஊரின் பெயரைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் இன்னும் கனத்துவிட்டது. நம்பி அங்கே போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, என் அம்மாவும் தர்காவுக்குப் போய் வந்தவர்தான். ஆனால் இதை யோசித்துப் பார். அவர்களைக் கொன்றது கொட்டகையும் சங்கிலியும். அவர்கள் பக்கத்தில் ஒரு மனநல டாக்டர் இருந்திருந்தால் அவர்களில் பலர் வீட்டில் இருந்திருப்பார்கள். அந்தத் தீக்குப் பிறகுதான் நாடே இதைப் பற்றிப் பேசியது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த ஊரின் பெயரைச் சொல்லி, நம் வீட்டுப் பெண் ஒருத்தி டாக்டரிடம் போகாமல் தோழியின் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறாள் என்றால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

டாக்டர் உன்னிடம் என்ன கேட்பார் என்று தெரிந்தால் பயம் குறையும். பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி என்று சொல்ல, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், ஒரு இடத்தில் மட்டுமில்லாமல் வீட்டிலும் வெளியிலும் இருந்திருக்க வேண்டும். அதனால் உன் அம்மாதான் முக்கியமான சாட்சி. பழைய மதிப்பெண் அட்டைகள் டிரங்க் பெட்டியில் இருந்தால் எடுத்துக்கொள். மூன்றாம் வகுப்பு அடியைச் சொல். ஓடியாடிக் குழப்பம் பண்ணாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை, அதனால் இருபது வயது தாண்டித் தெரியவருவது சாதாரணம். உனக்கு அது இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் என் தோன்றலுக்கு மதிப்பில்லை. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இவையும் இதே முகத்தோடு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் தூக்கம். பாதித் தூக்கத்தில் மூன்று மணிக்கு எழுந்து சோறு கட்டுகிறவளுக்குப் பத்து நிமிடத்தில் மனசு போகாவிட்டால்தான் ஆச்சரியம். அப்பாவுக்குச் சோற்றை ராத்திரியே கட்டி வைக்கலாம். பழைய சோறு குடிக்காத கடற்கரையா நம்முடையது? வீட்டில் பேசிப் பார். மூன்று வாரம் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டு அதே அரசியலமைப்பைத் திற.

எல்லாம் பார்த்த பிறகு டாக்டரே இந்த மாத்திரையை எழுதினால், சாப்பிடு. வெட்கப்படாமல் சாப்பிடு. எவ்வளவு, எத்தனை மணிக்கு, எப்போது நிறுத்திப் பார்ப்பது என்று அவர் சொல்வார். தூக்கத்தைக் கெடுக்காத நேரம் இருக்கிறது, வேறு வகை மருந்துகளும் இருக்கின்றன. வேண்டாம் என்று சொன்னாலும் உனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். மூன்று தேர்வுகளாக உன்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்திருப்பாயே, அது நின்றாலே எனக்குப் போதும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே வந்துவிடு. அந்த மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து டாக்டரிடம் காட்டு, என்ன, எவ்வளவு சாப்பிட்டாய் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, காசில்லை, எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், தலை சுற்றுகிறது, ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டி வராதே. படிக்க உட்கார முடியவில்லை என்றே சொல். 25 வருடமாக உன்னைப் பார்த்தவர், நீ நினைப்பதைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

எந்த நாள் வருகிறாய் என்று முந்தின நாளே ஒரு வரி எழுது. நான் தேவிபட்டினத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுவேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் நிற்கிறேன். அம்மாவோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன், நீ உள்ளே போய்ப் பேசிவிட்டு வா.

அன்புடன்,
அக்கா