எதிர் டீம் பிளேயரோட, எதிர் டீம் ரசிகரோட நிஜமான நட்பு சாத்தியமா?

கேட்டிருக்கிறது இதுதான்: பிக் மெட்ச் (ரெண்டு ஸ்கூலுக்கு நடுவுல வருசா வருசம் நடக்கிற பெரிய கிரிக்கட் போட்டி) நெருங்குது, எதிர் காலேஜ் டீம்ல விளையாடுற ஒருத்தனோட நீங்க பழகுறீங்க, அதுக்காக உங்க பசங்க உங்களை ஒதுக்குறாங்க, துரோகின்னு கூட சொல்லிட்டாங்க. இப்பிடி ரெண்டு பக்கத்து ஆளுங்களும் நிஜமா கூட்டாளியா இருக்க முடியுமா, இல்ல எல்லாம் வெளிக்குத்தானான்னு கேட்டிருக்கீங்க.

முடியும். நான் இருந்திருக்கேன், இன்னிக்கும் இருக்கேன். ஆனா மனசு நல்லா இருந்தா போதும், விளையாட்டை விளையாட்டா எடுத்தா போதும்னு மேல நாலஞ்சு பேர் பதில் போட்டிருக்காங்க, அதை நான் நம்பல. நல்ல மனசை மட்டும் வச்சு அந்த நட்பு வராது. ரெண்டு பக்கத்துக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கணும். அது இருந்தா எவ்வளவு பகையான டீமா இருந்தாலும் பழக்கம் தானா வந்துரும், அது இல்லைன்னா ஒரே லயத்துல (தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்மாரோட வரிசை வீடு) அடுத்தடுத்த வீட்டுக்காரங்களா இருந்தாலும் சீசன் வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் போவாங்க. எங்க தோட்டத்துல இதைக் கண்ணால பாத்திருக்கேன், அத்தை மகனும் மாமா மகனும் வேற வேற ஸ்கூல், பெப்ரவரி வந்தா ஒரே பஸ்ல முன்னாடி ஒருத்தன் பின்னாடி ஒருத்தன்.

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம். ஸ்கூல் பேர் சொல்லல, ரெண்டும் இன்னும் விளையாடுது, எல்லாரும் இன்னும் அங்கதான் இருக்காங்க. எங்க கிரிக்கட் டீமுக்கு நான் ஸ்கோரர். கையெழுத்து தெளிவா இருக்குன்னு கணக்கு சேர் பிடிச்சு உக்கார வச்சாரு, அதுக்கப்புறம் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடியிற வரைக்கும் அந்தப் புத்தகம் என் கையில இருந்தது.

ஸ்கோரர் வேலையைப் பத்தி நிறைய பேருக்குத் தெரியாது, கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நான் சொல்ல வர்ற விசயமே அதுலதான் இருக்கு. ரெண்டு டீமுக்கும் ஆளுக்கு ஒரு ஸ்கோரர், ஆனா உக்கார்றது ஒரே மேசையில. அம்பயர் கை காட்டினா பாத்துட்டு பதிலுக்கு கை காட்டணும், ஓவர் முடிய முடிய மொத்தம் என்ன, விக்கட் எத்தனை, போலர் எத்தனை குடுத்தான்னு ரெண்டு புத்தகத்தையும் ஒத்துப் பாக்கணும். பெட்ஸ்மன்மார் அடிச்ச ரன்னையும் எக்ஸ்ட்ராவையும் கூட்டினா ஒரு மொத்தம் வரும், போலர்மார் குடுத்த ரன்னோட பைஸ், லெக் பைஸைக் (பெட்டுல படாம எடுத்த ரன், போலர் கணக்குல சேராது) கூட்டினாலும் அதே மொத்தம் வரணும். வரலைன்னா இன்னிங்ஸ் இடைவேளையில எல்லாரும் பணிஸும் பிளேன்டீயும் சாப்பிடுற நேரம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஓவர் ஓவரா தேடணும். அந்த நேரம் என் புத்தகத்துல இருக்கிற பிழையைக் கண்டுபிடிக்க உலகத்துல எனக்கு இருக்கிற ஒரே துணை எதிர் டீம்காரியோட புத்தகம்தான். அவளுக்கும் அப்பிடித்தான்.

அவ டவுன் ஸ்கூல், நான் தோட்டத்துப் பிள்ளைங்க அதிகமா படிக்கிற ஸ்கூல். முதல்ல ரன் மட்டும்தான் பேசினோம். "அது லெக் பை தானே?" "ஓம்." அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் மிஸ்ட் (மூடுபனி) இறங்கிருச்சு. நம்ம ஊர்ல விளையாடினவங்களுக்குத் தெரியும், மழைன்னா கவர் போட்டுட்டு எல்லாரும் ஓடிருவாங்க, மிஸ்ட்டுன்னா யாரும் ஓட மாட்டாங்க, இப்ப போயிரும் இப்ப போயிரும்னு பவுண்டரியைத் தேடிக்கிட்டு அப்பிடியே நிப்பாங்க. எழுத ஒண்ணும் இல்லாம ரெண்டு பேரும் ஒரே மேசையில எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கிறது? அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு இன்னும் முடியல. அவ கல்யாணத்துக்கு நான் போனேன், எங்க அப்பா இறந்தப்ப முதல் ஆளா வந்து எங்க லயத்து அடுப்படியில நின்னவ அவதான்.

அவளோட அண்ணன் அவங்க டீம்ல முதல் ஓவர் போடுறவரு. எங்க கெப்டனை எப்பவுமே அவுட் ஆக்குறவரு, அதனால எங்க பக்கத்துல அவரைத் திட்டாத ஆள் இல்ல. போலர்மார் ஸ்பெல் முடிஞ்சதும் மேசைக்கு வந்து கணக்கு கேப்பாங்க, எல்லா டீம்லயும் நடக்கிறதுதான். இவரு வந்தா தங்கச்சியோட புத்தகத்தைத் தொட மாட்டாரு. "இவ அண்ணன்னு பாவம் பாத்து எழுதுவா தங்கச்சி, நீங்க உங்க புத்தகத்தைக் காட்டுங்க"ம்பாரு. எதிரி எழுதினா கூட்டிக் குறைச்சு எழுத மாட்டான்னு ஒரு நம்பிக்கை. எனக்கு அது ரொம்பப் பெருமையா இருந்தது, இப்ப நினைச்சாலும் பெருமைதான். அவர் போட்ட ஒவ்வொரு பந்தையும் நான் எழுதியிருக்கேன், எந்த ஓவர்ல களைப்பாரு, யாருக்கு வைட் போவாருன்னு எல்லாம் அந்தப் புள்ளிகள்லயே தெரியும், அவரோட சொந்த ரசிகர்மாருக்குக் கூட அவ்வளவு தெரிஞ்சிருக்காது.

இதுல ஒரு சிக்கல் வரும், உங்களுக்கும் வரும். எங்க கெப்டன் வந்து, இடது கை பெட்ஸ்மனுக்கு அவர் என்ன போடுறாருன்னு கேட்டான். சொன்னேன். அது கிரவுண்ட்ல எல்லாரும் பாத்தது, புத்தகத்துல இருக்கிறது, அதைச் சொல்றது என் டீமுக்கு நான் செய்ய வேண்டிய வேலை. ஆனா அவருக்குத் தோள்பட்டை வலின்னு எனக்கு வீட்டுப் பேச்சுல தெரியும், அதை நான் யார்கிட்டயும் சொல்லல. கிரவுண்ட்ல தெரிஞ்சது டீமுக்கு, வீட்டுல தெரிஞ்சது கூட்டாளிக்கு. இந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டா துரோகின்னு யார் சொன்னாலும் உள்ளுக்குள்ள உறுத்தாது.

இப்ப முக்கியமான ஒண்ணு சொல்லணும். ஒரு வருசம் மெட்ச் சூடா போய்க்கிட்டிருக்கு, அவங்க பக்கத்து பாண்ட் பசங்க ஒரு பாட்டு கட்டினாங்க, தோட்டத்தை இழுத்து, கொழுந்து பறிக்கிற எங்க அம்மாமாரை இழுத்து. பிக் மெட்ச்ல கிண்டல் வரும், வரணும், அது இல்லாம மெட்ச் இல்ல, எங்க பசங்களும் அவங்க கோச்சோட வயித்தைப் பத்திப் பாடாத பாட்டு இல்ல. ஆனா இது அது இல்ல. எங்க பக்கத்துப் பசங்க அடிக்கப் போறதுக்குக் கொடிக்கம்பைப் புடுங்கிட்டாங்க. மாஸ்டர்மார் ரெண்டு பக்கமும் கத்துறாங்க, ஒருத்தனும் கேக்கல. அந்த அண்ணன் அந்தப் பக்கம் பவுண்டரியில பீல்டிங் நிக்கிறாரு. ஓவர் முடிஞ்சதும் நேரா கயித்துக்கிட்ட போய் அவரோட சொந்த ரசிகர்மாரைப் பாத்து, எங்க பாட்டியும் கொழுந்து கூடை தூக்கினவதான், இன்னொரு தடவை இதைப் பாடினீங்கன்னா நான் இப்பவே தொப்பியைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போறேன், யாரை வச்சு விக்கட் எடுக்கிறீங்கன்னு பாக்குறேன்னு சொன்னாரு. பாட்டு நின்னுருச்சு. அதைப் பாடின பையன் ஒருத்தன் மெட்ச் முடிஞ்சு எங்க கூடாரத்துக்கு வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.

அதை நாங்க நிறுத்தியிருக்க முடியாது. நாங்க கத்தினா இன்னும் சத்தமாத்தான் பாடியிருப்பாங்க. அந்தப் பக்கத்துல நமக்கு ஒரு ஆள் இருந்தா மட்டும்தான் அந்தப் பக்கத்துல இருந்து வர்ற அசிங்கம் நிக்கும், இது நான் அன்னைக்குக் கண்டது. உங்களை ஒதுக்குற பசங்களுக்கு இதைச் சொல்லுங்க.

பிளேயர்மாரை விட ரசிகர்மாருக்குத்தான் இது கஷ்டம். விளையாடுறவனுக்கு ஓடி விழுந்து எழும்பி எல்லா சூடும் உடம்பு வழியா வெளிய போயிரும், கடைசியில வரிசையா நின்னு கை குடுக்கவும் ஒரு முறை இருக்கு. பாத்துக்கிட்டிருந்தவனுக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல, அவன் அந்தக் கோபத்தை அப்பிடியே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு போறான். எங்க ஊர்ல மெட்ச் முடிஞ்சு அடிபட்டுக்கிட்டவங்கள்ல பிளேயரை நான் பாத்ததே இல்ல, எல்லாம் பாக்க வந்தவங்க, அதுலயும் ஸ்கூலை விட்டு வருசக்கணக்கான பெரிய ஆளுங்க.

பிளேயர்மாருக்கு அப்புறம் ஒரே டீம்ல விளையாடுற வேலையும் வந்துரும். கண்டியில ட்ரினிட்டி, கட்டுகஸ்தோட்டை சென் அன்டனிஸ்னு ரெண்டு ஸ்கூலுக்கும் இருக்கிற போட்டி தெரியும்தானே. முரளி சென் அன்டனிஸ், சங்கக்கார ட்ரினிட்டி. 2010 ஜூலையில காலியில இந்தியாவோட முரளி 800வது விக்கட் எடுத்தப்ப கெப்டன் சங்கக்கார, ஓஜா அடிச்ச அந்தக் கெட்சைப் பிடிச்ச மஹேல கொழும்பு நாலந்தா ஸ்கூல். பிடிச்சது மஹேல, போட்டது முரளின்னு ஸ்கோர் புத்தகத்துல அது ஒரே ஒரு வரி, ஸ்கோரர் கண்ணுக்கு அதைப் போல அழகான வரி இல்ல. 1996ல உலகக் கிண்ணம் எடுத்த டீம்லயும் கெப்டன் அர்ஜுன ரணதுங்க ஆனந்தா ஸ்கூல், ரொஷான் மஹாநாம அதே ஆனந்தாவோட பிக் மெட்ச் விளையாடுற நாலந்தா. கொழும்புல ரோயலுக்கும் சென் தோமஸுக்கும் நடக்கிற ரோயல் – தோமியன் 1879ல தொடங்கினது, யாழ்ப்பாணத்துல சென்ட்ரலுக்கும் சென் ஜோன்ஸுக்கும் வடக்கின் பெரும் சமர் 1904ல, இவ்வளவு காலமா பகை பகைன்னு கொண்டாடுறாங்க, ஆனா அந்தப் பசங்க வளர்ந்து ஒரே ஒபிஸ்ல வேலை செய்றதும் ஒருத்தன் வீட்டுல ஒருத்தன் பொண்ணு எடுக்கிறதும் எப்பவும் நடக்கிறதுதான்.

அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்போல்ல ஆர்மி, நேவின்னு தரைப்படைக் காலேஜும் கடற்படைக் காலேஜும் 1890ல இருந்து மோதுறாங்க. மெட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமும் சேர்ந்து முதல்ல தோத்த பக்கத்து மாணவர்மாருக்கு முன்னாடி போய் நின்னு அவங்க காலேஜ் கீதம், அப்புறம் ஜெயிச்சவங்க கீதம், ரெண்டுக்கும் ரெண்டு டீமும் நிப்பாங்க. எங்க பிக் மெட்ச்லயும் இதைக் கொண்டு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை, பாடுறதும் ஒரு வேலைதானே, அதுவும் தோத்தவன் பாட்டு முதல்ல.

அதே நாட்டுல அலபாமா, ஓபர்ன்னு ரெண்டு யுனிவர்சிட்டி, அவங்க பகை நம்ம ஊர் பகையெல்லாம் ஒண்ணுமே இல்லைங்கிற அளவு. 2010ல அலபாமா ஓபர்ன்கிட்ட தோத்துப் போச்சு, அந்தக் கோபத்துல அலபாமா ரசிகர் ஒருத்தர் ஓபர்ன்காரங்க ஜெயிச்சா கூடிக் கொண்டாடுற சந்தியில இருந்த பழைய ஓக் மரம் ரெண்டுக்கும் விஷம் வச்சுட்டாரு. மரம் தப்பல, 2013ல வெட்டிட்டாங்க. ஆனா அந்த விசயம் தெரிய வந்த உடனேயே மரத்தைக் காப்பாத்த காசு சேர்த்தவங்கள்ல அலபாமா ரசிகர்மாரும் இருந்தாங்க. 2011 ஏப்ரல்ல அலபாமாவோட ஊரான டஸ்கலூசாவை சூறாவளி அடிச்சுப் போட்டப்ப, ஓபர்ன் ரசிகர்மார் அந்தச் சந்திப் பேர்லயே ஒரு குழு தொடங்கி சாமான் சேர்த்து அனுப்பினாங்க.

இதை வாசிச்சப்ப எனக்கு மீரியபெத்த ஞாபகம் வந்தது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தையில மண் சரிஞ்சு லயங்கள் அப்பிடியே புதைஞ்சு போச்சு. அப்ப நாங்க ஸ்கூல் முடிச்சிருந்தோம். எங்க பழைய மாணவர்மார் அரிசி, போர்வை, பிள்ளைங்களுக்குக் கொப்பி சேர்க்க ஆரம்பிச்சாங்க, அவங்க பக்கமும் தனியா ஆரம்பிச்சாங்க, ரெண்டு நாள்ல ரெண்டும் ஒரே லொறியா ஆயிருச்சு. பட்டியல் எழுதினது நாங்க ரெண்டு பேரும்தான், அவ ஒரு புத்தகம் நான் ஒரு புத்தகம். வருசக்கணக்கா பேசாத ஆளுங்க அந்த லொறியில மூட்டை ஏத்தும்போது பேசிக்கிட்டாங்க, என்ன பெரிய பேச்சு, "இந்தப் பக்கம் தூக்கு, அதைக் கீழ வை"தான், ஆனா அதுல இருந்து வந்த கூட்டு இன்னும் நிக்குது.

உங்க விசயத்துக்கு வர்றேன். பிக் மெட்ச் அன்னைக்கு உங்க கொடிக்குக் கீழயே நில்லுங்க, உங்க டீமுக்கு முழுசா சத்தம் போடுங்க, அவனுக்காக அமைதியா இருந்தா அவனுக்கே பிடிக்காது. அவன் நல்லா விளையாடினா கை தட்டுங்க. மெட்ச்சுக்கு முந்தின வாரம் டீம்ல யாரு யாருன்னு அவன்கிட்ட கேக்காதீங்க, அவன் கேட்டாலும் சொல்லாதீங்க. ரெண்டு பக்கத்துப் பசங்களையும் வச்சு ஏதாவது ஒரு வேலை பிடிங்க, மெட்ச் முடிஞ்சு கிரவுண்ட் கூட்டுறது, தண்ணி குடுக்கிறது, ஸ்கோர் மேசை, எதுவா இருந்தாலும் சரி, ஆனா ரெண்டு பேர் இல்லாம முடியாத வேலையா இருக்கணும். அப்புறம், அவங்க தோத்தாங்கன்னா அன்னைக்கு ராத்திரி மெசேஜ் போடாதீங்க, ஆறுதல் சொன்னாலும் கிண்டல் மாதிரித்தான் கேக்கும். அடுத்த நாள் நேர்ல போங்க, மெட்ச்சைப் பத்தி அவனா ஆரம்பிக்கிற வரைக்கும் வேற எதையாவது பேசிக்கிட்டிருங்க.